புதைக்க வைத்திருந்த கோட்டு

மகனே,

என்னைப் புதைக்கும்போது போடுவதற்காக முப்பத்தேழு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்த என் கல்யாணக் கோட்டை, நான் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நீயும் உன் மனைவியும் வந்து எடுத்துக்கொண்டு போனீர்கள். கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தையற்காரரிடம் கொடுத்து உன் அளவுக்கு வெட்டச் சொன்னீர்கள். அதன் உள்துணிக்குப் பின்னால் இருந்த பட்டுத் துணியை உருவி எடுத்து, ஸ்காட்லாந்தில் இருக்கிற உன் பழைய துரையின் சம்சாரத்துக்குப் பரிசு கொடுக்க வர்ணக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறீர்கள். நடந்தது இது. நீ இதை வேறு எந்த வார்த்தையில் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நேரில் வந்து சொன்னால் நீ நடுவில் பேசுவாய், உன் மனைவி காப்பி கொண்டுவந்து வைப்பாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. உன் மனைவி படிக்கட்டும். தையற்காரருக்கும் படித்துக் காட்டு.

கல்யாணக் கோட்டை எதற்காக வைத்திருப்பார்கள் என்பது உனக்குத் தெரியாதென்று சொல்லாதே. நம் கோயிலைச் சுற்றியிருக்கிற எல்லா வீட்டிலும் ஆம்பிளைக்குக் கல்யாணக் கோட்டு, பொம்பிளைக்குக் கல்யாணப் புடவை, இரண்டும் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியின் அடியில் இருக்கும். எடுக்கிற நாளில் எடுப்பார்கள். நான் சென்ற வாரம் உருண்டை மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்தில் நான் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ‘கறுப்புக் கோட்டு, ஒன்று’ என்று இருக்கிறது. பெட்டியில் கோட்டு இல்லை. திருடு போய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து போகிறவர் பால்காரர் ஒருவர்தான். வாசலில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க, அவரைக் கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, உன் கோட்ட எடுத்துக்கினு போய் நான் இன்னா பண்ணப் போறேன்? எருமைக்கா மாட்டி வுடப் போறேன்?” தெரு சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் உன் மனைவி வெகு சாதாரணமாகச் சொன்னாள்: “அந்தக் கோட்ட நாங்கதான் எடுத்துக்கிட்டுப் போனோம் மாமா, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் பக்கத்துத் தையக்காரர்கிட்ட குடுத்திருக்கோம். கம்பளி நல்லா இருக்குன்னு இவர் சொன்னார். உங்களுக்கு எதுக்கு மாமா இனிமே அதெல்லாம்?” நீ பக்கத்தில் நின்று தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தாய். “நான் உங்களுக்குப் புதுசு ஒண்ணு தைச்சுத் தர்றேன்ப்பா” என்றாய். செத்தவனுக்குப் புதுக் கோட்டு. அதை நீ எப்போது தைப்பாய்? எனக்கு அளவெடுக்க எப்போது வருவாய்?

இதெல்லாம் எதற்காக? குளிருவதற்காக. ஆஸ்பத்திரிக்காக இல்லை, உத்தியோகத்துக்காக இல்லை, படிப்புக்காக இல்லை. சண்டைக் காலத்தில் எடுக்காத லீவெல்லாம் சேர்த்து நாலு மாதம் கிடைத்தது, கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை என்பதால் கப்பலில் சலுகையும் கிடைத்தது. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கலாம். கூரையை மாற்றியிருக்கலாம். நீ மூன்று வாரம் கடலில் போய், பனி விழுவதைப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கடலில் திரும்பி வரப் போகிறாய். மேலேயிருந்து விழுகிறது. கீழே கிடக்கிறது. பிறகு சேறாகிறது. இதைப் பார்க்க நாலு மாதம். அந்தத் துரை ஒன்பது வருஷம் உன்னை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசினவர். போன வருஷம்தான் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நாடு முழுக்கக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தீர்கள். மிட்டாய் கரைவதற்குள் நீ அவர்கள் பின்னாலேயே மூட்டை கட்டுகிறாய். அவர் எழுதின கடிதத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினாய். வரும்போது சர்க்கரையும் டீத்தூளும் சோப்பும் கொண்டுவா, இங்கே எல்லாவற்றுக்கும் பங்கீடு என்று எழுதியிருக்கிறார். விருந்துக்குக் கூப்பிடுகிறவர் விருந்தாளியிடம் சர்க்கரை கேட்கிறார். அதை நீ பெருமையாக வாசித்தாய்.

ஒரு மாதமாக தியாகராய நகரில் உன் வீட்டு மாடியில் நடக்கிற கூத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துக்காரன் விட்டுப்போன பூட்ஸ் இரண்டு ஜோடி. குரங்குக் குல்லா இரண்டு. உன் மனைவி புடவைக்கு அடியில் முழங்கால்வரை கம்பளி மேஜோடு மாட்டிக்கொண்டு, பழக வேண்டுமாம், வியர்க்க வியர்க்க அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள். அன்றைக்கு நான் வந்தபோது கூடத்தின் நடுவில் ஒரு அண்டா, அதில் மரத்தூள் ஒட்டின ஐஸ் கட்டி. நீ ஸ்வெட்டர், மப்ளர், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அந்தக் கட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்து, “இன்னா, சார் இப்டி குந்திக்கினு கீறாரு, ஒடம்புக்கு எதுனா சரியில்லியா?” என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்து, “இருபது நிமிஷம் தாங்குதுப்பா” என்றாய். அங்கேயும் இருபது நிமிஷம்தான் இருக்கப் போகிறாயா என்று கேட்டேன். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முப்பத்தைந்து வயசு உனக்கு.

பெட்டி கட்டுவதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? முப்பது வருஷம் அடையாற்று பங்களாவில் பட்லராக இருந்து, ஒவ்வொரு கோடைக்கும் துரை குடும்பத்துக்கு ஊட்டிக்குப் பதினாலு பெட்டி கட்டினவன் நான். எனக்கு எழுத்து சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் இல்லை. பெட்டிக்குள் இருப்பதை மூடியில் எழுதி ஒட்டியே தீர வேண்டும் என்று அந்த வீட்டில் சட்டம். எழுதத் தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும். தெரியும் என்று சொல்லிவிட்டு, அலமாரி இழுப்பறைகளில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகினேன். தமிழும் அப்படித்தான், இங்கிலீஷும் அப்படித்தான். நீ காலேஜில் படித்தாய். படித்துவிட்டுத் தேங்காய் எண்ணெயைக் குறுகின வாய் வைத்த ஆறு சீசாவில் ஊற்றி வைத்திருக்கிறாய். ஊட்டியில் டிசம்பர் மாதம்கூட இல்லை, ஜூன் மழையிலேயே அது மெழுகு மாதிரி உறைந்துவிடும். ஸ்காட்லாந்தில் சீசாவை உடைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பாய். அகல வாய் டப்பாவில் வை, கரண்டியால் தோண்டி எடு. தடித்த உடுப்பு ஒன்றைவிட மெல்லிய உடுப்பு இரண்டு மேல். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் விரல் செத்துப்போகும், ஒரு சுற்று பெரிதாக இருக்கட்டும். நனைந்த மேஜோட்டோடு நெருப்புப் பக்கம் காலை நீட்டாதே, விரல் வீங்கி ராத்திரி முழுக்க அரிக்கும். காற்று கடுமையாக அடித்தால் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து வை. கருவாட்டைத் துணிப் பெட்டியில் வைக்காதே. உன் மனைவி வைத்திருக்கிறாள். நான் பார்த்தேன். மூன்று வாரம் கப்பல் அறையில் அந்தக் கருவாட்டோடு இருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு துரை வீட்டு வாசலில் போய் நில், பங்கீட்டுச் சர்க்கரைகூட உனக்குத் தரமாட்டார்கள்.

அந்தக் கோட்டு எனக்கு யாரும் தானம் கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தின கோடையில் குன்னூரில் தைத்தது. ஜனவரியில் மயிலாப்பூரில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. நான் அழுகிறேன் என்று சாமியார் நினைத்துக்கொண்டார். உன் அம்மா முக்காட்டுக்குள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சொல்லிச் சிரித்தாள். “கோட்டுக்குள்ள வெந்துட்டீங்க, மேல கொஞ்சம் உப்புதான் போடணும்” என்றாள். அவள் அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட சந்தன நிறப் பட்டு. இந்த நிறத்தை மறக்காதே. கீழே அதற்கு வருகிறேன்.

உன் மனைவி சொன்ன அன்றைக்கே டிராம் ஏறிப் போய், ரவுண்டு டாணாவில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தேன். தையற்காரரின் பலகையில் என் கோட்டு கிடந்தது. கை இரண்டும் தனியாக, காலர் தனியாக. முதுகில் சுண்ணாம்புக் கோடு. கழுவிக் கிடத்தின பிணத்தை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என்னையே அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் கெட்டவர் இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “குந்து பெரியவரே. இது யாரு தச்ச கோட்டு? நல்ல கை. ஆனா உள்ள லைனிங்குக்குப் பின்னால எவனோ ஒரு கத்துக்குட்டி கோணக்கால் தையல் போட்டு பட்டுத் துணி வச்சி மூடிகீறான். நாப்பது வருசமா தைக்கிறேன், இந்த மாரி ஒரு வேலய நான் பாத்ததில்ல.” அந்தக் கத்துக்குட்டி நான்தான் என்று சொன்னேன். பட்டு எங்கே என்று கேட்டேன். “உன் மருமவப் பொண்ணு எடுத்துக்கினு போச்சி. ஜரிக நல்லா கீது, தொரசாணிக்கு மேசைல விரிக்கக் குடுக்கலாம்னு சொல்லிச்சி. ஓரம் மடிச்சி அடிச்சிக் குடுத்தேன்.”

அது என்ன பட்டு என்று உனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம் நான். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான அந்த வருஷம், நீ உன் ஆபீசோடு கோயமுத்தூர் போய்விட்டாய். நாங்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டுக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பெட்டிகூட இல்லை, இரண்டு பேருக்கும் ஒன்று. கட்டினவன் நான். பதினாலு பெட்டி கட்டினவனுக்கு ஒரு பெட்டி கட்டத் தெரியாதா? அரிசி, பாத்திரம், ஜெபப் புத்தகம், போர்வை. மேலே என் கோட்டு. தெரியாத ஊரில் வீடு கேட்கப் போகிறோம், கோட்டு போட்டுக்கொண்டு போனால்தான் ஆளை மதிப்பார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா அந்தச் சந்தன நிறக் கல்யாணப் பட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இதையும் வைங்களேன். ஒரு ஓரமா கெடக்கட்டும்.” நான் இடம் இல்லை என்றேன். “கோட்டு எதுக்கு இந்த வெயில்ல?” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பத்து நாள்ல திரும்பி வரப் போறோம். அங்க உனக்கு எதுக்குப் பட்டு?” என்றேன். அவள் அதை அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். வீடு தேடினபோது அந்தக் கோட்டை நான் ஒரு தரம்கூடப் போடவில்லை. அவ்வளவு வெயில். ஏழாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டாள். கல்யாணப் புடவை மயிலாப்பூரில் இருக்கிறது. எடுத்து வர ஆள் இல்லை, வண்டி இல்லை, அந்த வெயிலில் உடம்பை வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. வீட்டுக்காரம்மாள் தன்னுடைய நீல நூல் புடவை ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கட்டித்தான் அங்கேயே புதைத்தோம். நீ மூன்றாம் நாள் வந்து, “ஏன்ப்பா அம்மாவுக்குக் கல்யாணப் புடவை கட்டல?” என்று கேட்டாய். கறையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். பொய். நாங்கள் விட்டுப்போன மயிலாப்பூர் வீட்டின் மேல் ஒரு கல்கூட விழவில்லை. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தபோது அவள் மடித்து வைத்த மடிப்பு கலையாமல் அந்தப் பட்டு இருந்தது.

புடவையின் உடம்புப் பகுதியை மாதா சுரூபத்துக்கு உடுத்தக் கோயிலில் கொடுத்தேன். முந்தானையை மட்டும் வெட்டி, கோட்டின் உள்துணியைப் பிரித்து, முதுகுப் பக்கம் வைத்து நானே தைத்தேன். ஊசி பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் கோணலாக இருக்கும். அவளுக்குக் கட்ட முடியாமல் போனதை நான் போகும்போது எடுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். அதைத்தான் உன் மனைவி ஓரம் அடித்து, ஒரு துரைசானி டீக் கோப்பை வைக்கிற மேஜைக்கு அனுப்புகிறாள்.

இதைச் சொன்னதால் உன் குற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நான் உனக்குப் பொய் சொன்னேன், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். கேட்காமல் பெட்டியைத் திறந்தது நீ. ஆனால் உன் மனைவி கோயில் வாசலில் ‘உங்களுக்கு எதுக்கு இனிமே’ என்று கேட்டபோது நான் ஏன் ஒன்றும் சொல்லாமல் நடந்து போனேன் என்று நீ யோசித்திருப்பாய். அப்பாவுக்குக் காது மந்தம் என்று அவளிடம் சொல்லியிருப்பாய். காது நன்றாகத்தான் கேட்டது. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் எனக்கு வாய் எழவில்லை. நீ பெட்டி கட்டும்போது இதை நினைவில் வை. எவ்வளவு ஸ்வெட்டர் வேண்டுமானாலும் வை, எவ்வளவு ஊறுகாய் வேண்டுமானாலும் வை. ‘உனக்கு எதுக்கு’ என்று மட்டும் உன் மனைவியிடம் சொல்லாதே. அவள் ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், உன்னுடையதில் ஒன்றை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதை உள்ளே வை. கருவாடாக இருந்தாலும் சரி. தனி டின்னில்.

நீங்கள் கப்பலேறப் போகிற பம்பாய் மெயில் ரயிலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இனிச் செய்ய வேண்டியதைப் பெட்டி மூடியில் ஒட்டுகிற காகிதம் மாதிரி எழுதுகிறேன், யார் செய்ய வேண்டும் என்பதோடு.

உன் மனைவி: பரிசுப் பொட்டலத்தை இன்றைக்கே பிரிக்க வேண்டும். முந்தானையைத் தோய்க்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. துரைசானிக்குச் சர்க்கரையை இரண்டு மடங்காகக் கொடுத்தால் போதும், அவர்கள் கேட்டதும் அதுதான்.

தையற்காரர்: தான் அடித்த ஓரத்தைப் பிரித்துவிட்டு, முந்தானையை இருந்த இடத்திலேயே வைத்துத் தைக்க வேண்டும். என் கோணல் தையலை நேராக்கக் கூடாது. உன் அளவுக்கு வெட்டினது வெட்டினதுதான். அது இனி என் தோளுக்குச் சேராது. பரவாயில்லை. சவப்பெட்டியில் கிடத்துகிறவர்கள் எப்படியும் முதுகில் கிழித்துத்தான் போடுவார்கள். கிழிக்கும்போது பட்டைக் கிழிக்காமல், அதன் ஓரமாகக் கத்தி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை நூல் ஓட்டி வைக்கட்டும்.

நீ: கோட்டைப் போட்டுக்கொண்டு போ. உள்ளே பட்டு இருந்தால் முதுகுக்குக் கூடுதல் சூடு, அதற்கு உனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் போட்டுக்கொள். யாராவது கேட்டால் அப்பாவின் கோட்டு என்று சொல், வாங்கினது என்று சொல்லாதே. அங்கே யாருக்கும் இரவல் கொடுக்காதே. ஈரமானால் நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடாதே. திரும்பி வந்ததும் தியாகராய நகருக்குப் போகாமல் நேரே இங்கே வந்து, அந்தப் பெட்டியில், உன் கையால் வை. பிறகு ஒருநாள் என்னை மயிலாப்பூரில் புதைக்க ஏற்பாடு செய்யாமல், செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் நீதான்.

நான்: நாளைக் காலையில் பால்காரரிடம், தெருவில் நாலு பேர் பார்க்க, மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைச் செய்துவிடுவேன். மார்ச் மாதம் நீ கோட்டோடு வந்து சேருகிறவரைக்கும் சாகாமல் இருக்க வேண்டும். அதையும் செய்வேன்.